தவமணி அக்காவின் கடற்கரைக் காசு

டிக்கெட் கவுண்டரில் இருப்பவளிடம் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களைவிட, "காசை எப்பிடிக் கொண்டுபோறது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். டிக்கெட்டை இப்போது பிள்ளைகளே போனில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். விடுமுறைக்கென்று சேர்த்த காசை இடுப்பில் கட்டுவதா, பெட்டியின் அடியில் போடுவதா, கார்டில் ஏற்றுவதா என்று கேட்க மட்டும் ஆட்கள் இன்னும் நேரில் வருகிறார்கள். அதனால்தான் என் வேலை இன்னும் இருக்கிறது.

இத்தாலியின் பலெர்மோவில், வுச்சீரியாச் சந்தையின் மீன் வாசம் எட்டுகிற ஒரு சந்தில், என் முதலாளியம்மா சிஞ்ஞோரா பீனாவின் பயணக் கடையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கும் என் இனத்தவரே, நமது விதி உங்களுக்குத் தெரியும். காசு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அது வாடிக்கையாளரின் கெட்டித்தனம். தொலைந்தால் "வதனிதான் அப்பிடிச் சொன்னவள்." இதுவரை எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆனால் இந்த வருடம் நாங்கள் வென்றோம், அதுவும் பெரிய வெற்றி. பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை அக்கா

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்த ஊரில் வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. எங்கள் கடை நிரம்புவதும் அன்றுதான். அப்படி ஒரு வியாழக்கிழமை வந்து என் முன்னால் இருந்தவர் தவமணி அக்கா. சொந்த ஊர் கிளிநொச்சி. போர் முடிந்தபின் வந்து, பதினைந்து வருடமாக இதே ஊரின் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. கோடை வந்தால் அந்தக் குடும்பம் மொண்டெல்லோக் கடற்கரைக்குக் குடிபெயரும், அக்காவும் கூடப் போவார். அங்கே சாய்கதிரையில் மணிக்கணக்காகக் கிடக்கிறவர்களுக்கு கிரனீத்தா என்கிற எலுமிச்சை ஐஸ் பானம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள் கொண்டுவரும் மணலைக் கூட்டுவதும் அக்காவின் வேலை.

"ஒரு கிழமை நானும் அப்பிடிக் கிடந்து பாக்கவேணும். ஒருத்தர் தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து தரவேணும்" என்றார் அக்கா. மொண்டெல்லோவிலேயே கிடக்கலாமே என்றேன். "இஞ்சை கிடந்தால் அரை மணித்தியாலத்திலை ஆரும் கூப்பிட்டு வேலை சொல்லுவினம்" என்றார். ஆகவே நாட்டில் நிலாவெளிக் கடற்கரை. முதல் இரண்டு கிழமை ஊரில், கடைசிக் கிழமை கடற்கரை ஹோட்டலில். அறைக் காசை அங்கே போய்த்தான் கட்டவேண்டும். அதற்கும் கைச்செலவுக்குமாக அக்கா ஆயிரத்து இருநூறு யூரோ சேர்த்திருந்தார்.

இதே திட்டத்தோடு அக்கா முன்பும் ஒரு தடவை போயிருக்கிறார். விமானத்தால் இறங்கி மூன்றாம் நாள் கைப்பை காலி. தம்பியின் கூரை, மச்சாளின் மகளுக்கு ரியூஷன், கோயில் மணி, பக்கத்து வீட்டுக்காரரின் கண் ஒப்பரேஷன். ஒருவரும் திருடவில்லை. கேட்டார்கள், அக்கா கொடுத்தார். கடலைக் காணாமலே திரும்பி வந்து, அடுத்த நாள் காலையில் கால்சாவில் நிலம் துடைத்தார். இந்த முறையும் அப்படி நடந்தால் இனி விடுமுறை என்ற சொல்லையே எடுக்கப் போவதில்லை என்றார். கள்ளருக்குப் பயமா என்று கேட்டேன். அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"கள்ளன் வந்தால் கத்துவன், பிள்ளை. கையிலை காசை வைச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்லத்தான் எனக்கு வாய் வராது."

ஷோகேஸில் இருந்த விடுமுறை

அக்காவின் முதல் யோசனை, காசை ஒளித்துக்கொண்டு போவது. கண்ணில் படாவிட்டால் கேட்கமாட்டார்கள் அல்லவா? அதற்கு நான் குகனின் கதையைச் சொன்னேன். குகன் மொண்டெல்லோ ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். காசை ஒளிக்க நல்ல இடம் எது என்று என்னிடம் கேட்டார். "பெட்டிக்குள் பெட்டி" என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மனுஷன் ஒரு சொக்கலேட் டின்னின் அடித்தட்டில் நோட்டுகளை அடுக்கி, மேலே சொக்கலேட்டைப் பரப்பி, பழையபடி ஒட்டிவிட்டார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. இரகசியம் என்றால் இரகசியம்தானே.

வெளிநாட்டிலிருந்து போன பெட்டி எங்கள் வீடுகளில் எத்தனை மணித்தியாலம் பூட்டிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குகன் குளிக்கப் போன நேரத்தில் பெட்டி திறபட்டது. ஒரே மாதிரியான ஏழு டின்களும் ஏழு வீடுகளுக்குப் போய்விட்டன. தலை துவட்டாமலே குகன் ஓட்டோ பிடித்தார். வீடு வீடாக ஏறி, "அந்தச் சொக்கலேட் பழுதாம், தாங்கோ" என்று கேட்டார். ஆறு வீடுகளில் வெறும் டின்னும் வயிறு நிறைந்த பிள்ளைகளும்தான். அடித்தட்டு இருந்த டின் அவற்றில் இல்லை. ஏழாவது, பெரிய மாமியின் வீடு. வாசலில் நிற்கும்போதே குகனுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

மாமியின் ஷோகேஸ் அலுமாரியில், போன தடவை கொண்டுபோன வாசனைச் சவர்க்காரத்துக்கும் அதற்கு முந்தின தடவை கொண்டுபோன கோப்பித் தூளுக்கும் நடுவில், கண்ணாடிக்குப் பின்னால், டின் பூரணமாக நின்றது. ஒட்டுக்கூடக் கிழியவில்லை. குகன் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சாப்பிடாததற்கு மாமிக்கு நன்றி சொன்னார். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் தம்பி, நாங்கள் வெளிநாட்டுச் சாமானை எப்பவெண்டாலும் உடைச்சுத் திண்டிருக்கிறமே?"

சிவப்புப் பட்ட நோட்டுகள்

அடுத்த வியாழக்கிழமை அக்கா வேறு யோசனையோடு வந்தார். நோட்டுகளைச் சாமி அறையில் வைத்துவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்களாம். பொட்டும் வைத்து வைக்கப் போகிறாராம். நான் பதறிப்போய்ச் செல்வென் ஐயாவின் கதையை எடுத்தேன். செல்வென் ஐயா மொரீசியஸ் தமிழர், பெரிய மாளிகை ஒன்றில் வாசல் காப்பவர். கல்யாணம் முடித்து இருபத்தைந்து வருடம் என்று மனைவியோடு துபாய்க்குச் சுற்றுலா போனார். இடுப்புப் பையில் ஐம்பது யூரோ நோட்டுகளாகக் கொண்டுபோகச் சொன்னது நான்தான். புறப்படும் அன்று காலை அவர் மனைவி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, பயணம் நல்லபடி முடிய நோட்டுக்குக் குங்குமம் வைத்தார். மேல் நோட்டுக்கு மட்டும் வைத்திருந்தால் கதையே இல்லை. அந்த அம்மா ஒன்றையும் விடவில்லை, ஒவ்வொரு நோட்டின் மூலையிலும் ஒரு பொட்டு.

இங்கே வங்கி மெஷினை உடைத்துக் காசெடுத்தால் உள்ளேயிருந்து மை பாய்ந்து நோட்டில் கறை ஏறும், அப்படிக் கறை பட்ட நோட்டை உலகத்தில் எந்தக் காசு மாற்றும் கடையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது. துபாய்க் கவுண்டரில் இருந்தவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பிறகு ஐயாவையும் மனைவியையும் ஓரமாக உட்காரச் சொன்னார். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அரை மணித்தியாலம் இருந்தார்களாம்.

கடைசியில் மேற்பார்வை செய்கிற பெண் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நோட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒரு விரலால் மூலையைத் தேய்த்து, ஒட்டிக்கொண்டதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கவுண்டரில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"மாத்திக் குடுங்க. இவ்வளவு பக்தியா எந்தத் திருடனும் பேங்க் உடைக்க மாட்டான்."

முப்பதோடு நிற்கும் மெஷின்

ஒளித்தால் பெட்டி திறபடும், சாமி அறையில் வைத்தால் கறை. மிச்சம் இருந்தது கார்ட்தான். காசை ஏற்றிவைத்துச் செலவழிக்கும் கார்ட் ஒன்றை எடுப்போம் என்றேன். அக்காவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கார்டைக் கண்டால் தம்பி மெஷினடிக்குக் கூட்டிக்கொண்டு போவான், மெஷின் அள்ளித் தரும், நான் அள்ளிக் கொடுப்பேன், அவ்வளவுதானே என்றார். நியாயமான கேள்வி.

பதில் சொன்னது பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிஞ்ஞோரா பீனா. தமிழ் விளங்காது, ஆனால் அக்காவின் முகம் விளங்கும். நான் கதையை இத்தாலியனில் சொல்லி முடித்ததும் பீனா மேசையைத் தட்டினார். தன் மகனுக்கும் இப்படித்தானாம், நாள் ஒன்றுக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்க முடியாதபடி கார்டுக்கு எல்லை போட்டு வைத்திருக்கிறாராம். எனக்கு எழுந்து பீனாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த கிழமையே அக்கா பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியையும் மற்றக் கடதாசிகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கார்ட் எடுத்துவந்தார். அக்காவின் போனில் நான் எல்லையைப் பதிந்தேன். ஒரு நாளைக்கு முப்பது யூரோ, அதாவது ஊர்க்காசில் கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபாய். அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் மெஷின் தராது. எல்லையை மாற்ற அக்காவுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இனி அக்கா யாருக்கும் இல்லை என்று சொல்லவேண்டியதில்லை, அதை மெஷின் சொல்லும். ஒரே ஒரு குறையைப் பீனா நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் மெஷின் தனக்கென்று கொஞ்சம் கழித்துக்கொள்ளும். நான் அதைத் தமிழில் சொன்னபோது அக்கா அதுவரை நான் காணாத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எடுக்கட்டும், பிள்ளை. மெஷின் எடுத்தால் எடுத்ததோடை விட்டிடும், பின்னேரம் திரும்பி வீட்டுக்கு வராது."

முறைப் பட்டியல்

மலையேறி, இந்த ஊரின் காவல் புனிதரான ரொசாலியா அம்மாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு அக்கா புறப்பட்டார். ஐந்தாம் நாள் கடைக்குப் போன் வந்தது. பின்னால் ஒரு கல்யாண வீடு போலச் சத்தம். அக்கா வேண்டுமென்றே போனை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டிருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. "பிள்ளை, மெஷின் ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேலை தருமோ?" என்று கத்தினார். "தராது, அக்கா" என்று நானும் கத்தினேன். வுச்சீரியாவில் மீன் விற்கிறவருக்கே கேட்டிருக்கும். "கேட்டியளே? நான் சொன்னால் நம்பமாட்டியள்" என்று அக்கா அங்கே யாருக்கோ சொன்னார். போனை நிறுத்தாமல் காதோடு வைத்துக்கொண்டு நான் இருந்தேன். பீனாவும் வந்து கிட்ட நின்றார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது நாங்கள் எதிர்பாராதது. முப்பதுதான் வரும் என்று உறுதியானதும் உறவினர்கள் ஒரு கொப்பியை எடுத்து முறை எழுதத் தொடங்கினார்கள். திங்கள் தம்பி, செவ்வாய் மச்சாள், புதன் கோயில், வியாழன் பக்கத்து வீடு. வேலிப் பிரச்சினையில் மூன்று வருடமாக முகம் பாராத தம்பியும் மச்சாளும் ஒரே வாங்கில் இருந்து நாள் பிரித்தார்களாம். அதன்பின் அக்கா தினமும் காலையில் குளித்து வெளிக்கிட்டு, அன்றைய முறைகாரரோடு ஓட்டோவில் மெஷினடிக்குப் போய், எடுத்ததை முழுதாகக் கொடுத்துவிட்டு, மனச்சுமை இல்லாமல் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டார். மிச்சக் காசு கார்டுக்குள் கிடந்தது. ஆனால் அன்று போனில் நாள் பிரித்து முடிந்ததைக் கேட்டதும் நான் வெற்றி என்று மேசையைத் தட்டப் போனேன். அப்போதுதான் போனுக்குள் தம்பியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"அக்கா, முறை மாறி நாளைக்கும் நான் வந்தால் மெஷினுக்குத் தெரியுமோ?"

கூரைத் தகரம்

நான் ஒரு பிழை விட்டிருந்தேன். சக தொழிலாளர்களே, சிரிக்காமல் கேளுங்கள். காசு எடுப்பதற்கு எல்லை போட்ட நான், கடையில் கார்டால் கட்டுவதற்கு எல்லை போடவில்லை. ஹோட்டலுக்குக் கட்டவேண்டுமே என்று திறந்து விட்டிருந்தேன். பதின்மூன்றாம் நாள் யாரோ தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில், மெஷினடிக்கும் போகாமல், தம்பி அக்காவை நேரே ஒரு ஹாட்வெயார் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூரைக்கு முழுத் தகரம். கார்டில் இருந்த மிச்சம் அத்தனையையும் அது விழுங்கும். தகரத்தை இறக்கி ஓட்டோவுக்குப் பக்கத்தில் அடுக்கியும் ஆயிற்று. அடுத்த நாள் அக்கா நிலாவெளிக்குப் போகவேண்டும். இதையெல்லாம் அக்கா திரும்பி வந்து, ஒரு வியாழக்கிழமை, அதே கதிரையில் இருந்துதான் எனக்குச் சொன்னார்.

"முதலாளி கார்டை வாங்கி மெஷினுக்குள்ளை செருகினார். வேலை செய்யேல்லை. திருப்பிச் செருகினார். இல்லை. தன்ரை சேட்டிலை துடைச்சுப்போட்டு மூண்டாந்தரம் செருகினார். கார்ட் வாசிக்குதில்லை எண்டு மெஷின் காட்டுது" என்றார் அக்கா. ஏன் என்று கேட்டேன். அக்கா குனிந்து சிரித்தார். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு நாளும் குறையாமல் காசு தருகிற கார்ட் என்று மச்சாள் பக்தியோடு அதைச் சாமி அறையில் வைத்து, சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறார். சரியாக, மெஷின் வாசிக்கிற அந்தத் தங்கநிறச் சதுரத்தின் மேலே. சந்தனம் இரவோடிரவாகக் காய்ந்து இறுகிவிட்டது. எந்தப் பொட்டுக்காக நான் அக்காவோடு சண்டை பிடித்தேனோ அந்தப் பொட்டு!

"எனக்குக் கண்ட உடனை தெரிஞ்சிட்டுது, பிள்ளை. காய்ஞ்ச சந்தனம் சேட்டிலை துடைச்சால் போகாது, தண்ணி தொட்டுத் துடைக்கவேணும். கைப்பைக்குள்ளை தண்ணிப் போத்தில் கிடக்கு. லேஞ்சியும் கிடக்கு. என்ரை கை தன்ரை பாட்டிலை பைக்குள்ளை போயிட்டுது." அக்கா நிறுத்தினார். "போன கையை இழுத்து மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன். இல்லையெண்டு சொல்லவும் இல்லை. ஓமெண்டு சொல்லவும் இல்லை. தம்பி தகரத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். முதலாளி தகரத்தைத் திருப்பி உள்ளை அடுக்கினார்."

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் இறங்கியதும் அக்கா முதலில் வரவேற்பறைக் குழாயடிக்குப் போய், பல் துலக்கும் பிரஷால் கார்டைச் சுத்தம் செய்தார். பதினைந்து வருடம் மாளிகைகளைத் துடைத்த கைக்கு அது அரை நிமிட வேலை. கார்டைச் செருகியதும் மெஷின் ஒரு தரம் கீச்சிட்டு ரசீதைத் துப்பியது. ஏழு நாளும் அக்கா சாய்கதிரையில் கிடந்தார். தேசிக்காய்த் தண்ணி ஐஸ்கட்டியோடு வந்தது, கொண்டுவந்து கொடுத்தவளுக்கு ஒவ்வொரு தடவையும் கையில் காசு கிடைத்தது. திரும்புகிற அன்று அக்கா தானாகவே தம்பியை அதே ஹாட்வெயார் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கார்டில் கடைசியாகக் கிடந்ததைக் கட்டினார், பாதிக் கூரைக்குத் தகரம் வந்தது. படத்தைப் போனில் காட்டினார். கறுப்புக் கண்ணாடி, நீலக் கடல், கால் மேல் கால். அதைப் பார்த்து பீனா கைதட்டினார், நான் வெட்கமில்லாமல் அழுதேன். கை கெஞ்சியதை எப்படி அடக்கினீர்கள் என்று கேட்டேன். அக்கா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்.

"பதினைஞ்சு வருசத்திலை நான் கண்ணாலை கண்டும் துடைக்காமல் விட்ட கறை அது ஒண்டுதான், பிள்ளை."

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் என் இனத்தவரே, பதினொரு வருடத்தில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: கள்ளரிடமிருந்து காசைக் காப்பாற்ற ஓர் இடுப்புப் பை போதும், பாசமானவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் ஒரு வங்கியும், ஒரு மெஷினும், கொஞ்சம் சந்தனமும் தேவைப்படுகின்றன.